மாடியை மறைக்கட்டும்

வலங்கைமான் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர், ஒரே கால்பந்து டீமின் மஞ்சள் பனியனில். மீசைக்காரர் சொன்னார்:

"அந்தக் காம்ப்ளெக்ஸ் வந்து உன் மொட்டை மாடியை மறைக்கட்டும். நகராட்சிக்கு நானே மாலை போடறேன்."

நான் பேப்பரை மடித்துவிட்டேன். ஊரான் சண்டை என்றால் எனக்குச் செய்தித்தாள் எதற்கு?

"கிரவுண்டை ஒட்டி நகராட்சி மூணு மாடி கட்டுனா என் மாடியிலேருந்து மேட்ச் எப்படிடா தெரியும்?" என்றார் கண்ணாடிக்காரர். "எதிர்த்து மனு எழுதியிருக்கோம். நீயும் கையெழுத்துப் போடு மாப்ள."

"நான் ஏன் போடணும்? நான் வெயில்ல வேலியைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். நீ மேல சேர் போட்டு, சுண்டல் தின்னுக்கிட்டுப் பாக்குற. பாதி ஊர் உன் மாடியிலதான் இருக்கு."

"நீயும் வர வேண்டியதுதானே? யாரு வேணாம்னா?"

"யாரு கூப்பிட்டா?"

"எல்லாரும் தானாத்தானே வர்றாங்க!"

"அவங்களையெல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு நேர்ல போயி, தட்டு வெச்சு அழைச்ச. எனக்கு மட்டும் போன்ல சொன்ன. அன்னைலேருந்து உன் வீட்டுப் படி ஏறல."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இந்த நேரத்தில் எவன் இறங்குவான்?

கண்ணாடிக்காரர் மீசைக்காரர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நாளைக்குக் காலையில நானும் என் வீட்டுக்காரியும் உன் வீட்டுக்கு வர்றோம். வெத்தலை பாக்கு, பழம், எல்லாம் வெச்சு அழைக்கிறோம். போதுமா?"

"அந்த மனுவையும் தட்டுலயே வெச்சு எடுத்துக்கிட்டு வா" என்றார் மீசைக்காரர்.