அதே டயர்ல நீயும் வா

ஹலோ... ஆமா, நான்தான். வெச்சிடாத. வெச்சா வாசல்லயே நின்னு கத்துவேன்... உன் வீட்டு வாசல்தான்யா! ஜன்னலைத் திறந்து பாரு... தெரியுதா? மூக்கு நசுங்கிக் கெடக்கே, அதே காருதான்.

என்ன?... என் பொண்ணு எப்படியிருக்கான்னு இப்பதான் கேக்கத் தோணுச்சா? கையில கட்டு. வலிக்கு அழல அவ. ரேஸ் டிராக்குல இனிமே உள்ள விடமாட்டாங்களாம், அதுக்குத்தான் அழறா. "டயர் தங்கமான டயர், பொண்ணுக்குத்தான் ஓட்டத் தெரியல"ன்னு அங்க போய் ஓதுனது யாரு?... ஆமா ஆமா, நீ அத்தை புருசன், நல்லதுக்குத்தான் சொல்லுவ!

இரு, நான் பேசறேன். "ரோட்டு டயர்தாம்மா, ஆனா ரேஸ் டயர் மாதிரி பிடிக்கும், வளைவுல வேகமா ஓட்டிப் பாத்துச் சொல்லு"ன்னு மாட்டி விட்டது நீ. அந்த வளைவுலதான் வழுக்கி மோதிட்டா... என்னது, டயர் புதுசா? போடா! கறுப்புப் பாலிஷைக் கழுவிப் பாத்தேன். குதிகால் மாதிரி வெடிச்சுக் கெடக்கு. டயர் செஞ்ச தேதியைச் சுரண்டியிருக்க. எனக்குப் படிக்கத் தெரியாது, சுரண்டுனது தெரியும்.

...சரி. சரிப்பா. நல்ல டயர். நீ சொன்னா சரி. அப்ப கீழ வா, மாப்ள. பக்கத்து சீட்ல உக்காரு. அதே நாலு டயர், அதே வளைவு, நான் ஓட்டறேன்... ஏன்?... ஏன்னு கேக்கறேன்... என்னது, புள்ளகுட்டிக்காரனா? அப்ப எனக்கு இருக்கறது என்ன, வெண்டைக்காயா?

...எது வெடிக்கும்? இன்னொரு தடவ சொல்லு... அப்படிச் சொல்லு! அதையே கீழ வந்து சொல்லு. டிராக் மேனேஜர் நிக்கறாரு பாரு, கேட்டுக்குப் பக்கத்துல. இந்தக் கார்ல என் கூட வாங்கன்னேன். டயரைப் பாத்தாரு, பைக்குல வந்துட்டாரு. புத்தியுள்ள மனுசன்... உன் டயர்க் கடை பேரு கெட்டுடுமா? கெடட்டும். என் பொண்ணு பேரைக் கெடுக்கும்போது இனிச்சுதா?... கால்ல விழறதெல்லாம் வேண்டாம். அவர்கிட்ட உண்மையச் சொல்லு, போதும்... மாட்டியா?... ஏய்... ஹலோ... ஹலோ!

யாரு, தங்கச்சியா? போன் உன் கைக்கு எப்படி வந்துச்சு? அவன் எங்க?... பாத்ரூம்லயா? உள்ள தாப்பா போட்டுக்கிட்டானா?... சரி. வெளிய நீயும் ஒண்ணு போடு. மேனேஜரைக் கூட்டிக்கிட்டு மேல வரேன். கதவு வழியாவே சொல்லட்டும்.