வாசலில் செருப்பு இல்லை

இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்போடு உள்ளே வரச் சொல்லிவிடுவேன். தரை துடைக்கிறவள், "கெழவிக்குக் கிறுக்கு" என்று முணுமுணுப்பாள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. நீயும் அப்படியே வந்து உட்கார், கண்ணு. டீ ஆறுகிறது பார்.

ஆஸ்பத்திரியில் நம் பழைய மேஸ்திரி உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எலின்னு நெனச்சுட்டேம்மா" என்று அழுதாராமே. உயிர் போகிற நேரத்தில் அந்த மனுஷன் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டார். நீயும் நேரே வந்து, "எலின்னு அவருக்கு யாரு அத்தை சொன்னது?" என்று கேட்கிறாய். அண்ணன் மகள் என்றாலும் நான் வளர்த்த பிள்ளை நீ. உன்னிடம் மழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

நம் தொழில் உனக்குத் தெரியும். தானியக் கிடங்கில் மருந்து வைத்து, கதவை அடைத்து, பூச்சியையும் எலியையும் ஒழிப்பது. தாத்தா அதை எனக்கும் உன் அப்பாவுக்கும் ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். மூட்டைகளின் மேல் போர்த்தும் ஷீட் கிழிந்தால் மருந்தின் விஷப்புகை நிற்காது. அதனால் உள்ளே போகிறவன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். வேலை முடிந்ததும் வெளியே வந்து மாட்டிக்கொள்வான். வாசலில் செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் பசை தடவிக் காகிதம் ஒட்டிவிடலாம். ஒட்டிய பிறகு என்ன சத்தம் கேட்டாலும் திறக்கக் கூடாது. "எலி உருளும், முட்டும், கதவைப் பிறாண்டும். பாவம் பாத்துத் திறந்தா நீ செத்தே" என்பார் தாத்தா. நான் அதை நன்றாக மனசில் வாங்கிக்கொண்டேன். உன் அப்பா விளையாட்டுப்பிள்ளை. "எலிக்கெல்லாம் எமன் நம்ம அப்பாதான்" என்று கேலி பேசிக்கொண்டு திரிவார்.

தாத்தா கண்ணை மூடியதும் தொழில் அண்ணன் கைக்குப் போனது. ஆண்பிள்ளை இல்லையா. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பேர் அவருக்கு, வேலை எனக்கு, அவ்வளவுதான். உன் அம்மா உன்னைப் பெற்றதோடு போய்விட்டாள். நீ என் இடுப்பிலேயே வளர்ந்தாய். ஒரு நாள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "தொழிலைக் கைமாத்தி விட்டுடலாம்னு இருக்கேன். எத்தனை நாளைக்கு எலிக்காரன்னு பேர் வாங்கறது? பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வெளியூர் போயிடறேன்."

"அப்ப நான்?" என்றேன்.

"உனக்கென்ன, ராணி மாதிரி இந்த வீட்ல இரு. நல்ல நாள் பாத்து நாங்க வந்துட்டுப் போறோம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

அந்த வாரம் நம் வீட்டுப் பின்புறத்துக் கிடங்குக்கு மருந்து வைத்தார்கள். நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். ஆட்கள் வெளியே வந்து லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஷீட்டின் ஓரங்களைக் கடைசியாக ஒரு முறை பார்க்க அண்ணன் மட்டும் உள்கோடிக்குப் போயிருந்தார். வாசலில் அவருடைய புதுச் செருப்பு, ஒன்று கிழக்கே பார்த்து, ஒன்று மேற்கே பார்த்து. அப்படி அலங்கோலமாகக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. எடுத்து டீக்கூடையில் வைத்துத் துணியால் மூடினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மேஸ்திரி பசைவாளியோடு வந்தார். "சின்ன முதலாளி வெளிய வந்துட்டாராம்மா?"

"வாசல்ல செருப்பு இருக்கா, பாருங்க."

நான் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

பாதி ஒட்டும்போது கையை நிறுத்தினார். லாரி உறுமிக்கொண்டிருந்தது. மூட்டைகளும் மனிதக் குரலை விழுங்கிவிடும். ஆனாலும் அவருக்குப் பாம்புக் காது. "உள்ள என்னமோ முட்டுதே?"

"எலிதானே மேஸ்திரி. அப்பா சொன்னது மறந்துபோச்சா?"

"தின்னு கொழுத்த பயலா இருப்பான் போல" என்று சிரித்துக்கொண்டே கடைசிக் காகிதத்தையும் ஒட்டினார். அந்தச் சிரிப்புதான் அவரை ஆயுசு முழுக்கத் தின்றது. கிடங்கைத் திறந்த அன்றே வேலையை விட்டார். அதுவரை, அண்ணன் விலை பேச வெளியூர் போயிருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். செருப்பு நம் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. 'வீட்டிலிருந்தே வெறுங்காலோடு வந்திருக்கிறான், எல்லாவற்றிலும் அசட்டை' என்று பேசிக்கொண்டார்கள். நான் அவரைக் குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். லாரி போன பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கதவருகே நின்றேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அண்ணன் தட்டிக்கொண்டிருந்தார். ஆத்திரமாக இல்லை. உள்ளே குழந்தை தூங்குகிறது என்று தெரிந்தவர் தட்டுகிற மாதிரி, மெதுவாக. இந்த வீட்டுச் சுவரில் காதை வைத்தால் இப்போதும் அது கேட்கும். வைக்காவிட்டாலும் கேட்கும்.

நீ கையை நீட்டிக் கதவைத் தொட்டு, "அப்பா" என்றாய்.

"இல்லடா கண்ணு, எலி" என்றேன்.

சத்தம் நிற்கிற வரைக்கும் இருவரும் நின்றோம். பிறகு உனக்குச் சோறூட்டினேன். சமர்த்தாகச் சாப்பிட்டாய். அதற்கப்புறம் நீ ஒரு நாளும் அப்பா வேண்டும் என்று அழுததில்லை. அப்பா இல்லாத குறையே தெரியாமல்தானே உன்னை வளர்த்தேன், கண்ணு?