கிளாவருக்குப் பச்சை

"ஆர்ட்டின்ல எட்டு கேட்டியே மெர்வ், கையில ரெண்டே ரெண்டு வச்சுக்கிட்டு..."

"ரெண்டா? ஆறு இருந்துச்சுய்யா, எண்ணித்தானே..."

"அதுல நாலு கிளாவர். பச்சை. உனக்கு என்னதான்யா ஆச்சு?"

சீட்டு மேசையில் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். கெவ் கத்தினான், என் கணவர் மெர்வ் திருப்பிக் கத்தினார், நான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினேன்.

கோல்பர்ன் ரயில்வே மன்றத்தில் வியாழன்தோறும் 'ஐந்நூறு' சீட்டாட்டம். முன்பெல்லாம் மெர்வுக்கு ஜோடி நான்தான். தப்புச் சீட்டுப் போட்டால், "இவ மண்டைக்குள்ள மூளையில்லய்யா, ஆட்டு ரோமம். கத்தரிச்சா ஒரு மூட்டை தேறும்" என்பார். மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு கெவ்வை ஜோடியாக்கிக்கொண்டு, என்னைத் தேநீர்ப் பாத்திரத்தின் பக்கம் அனுப்பிவிட்டார். நான் கோபப்படவில்லை.

எல்லோருக்கும் கண் மங்கியதால் மன்றம் ஆளுக்கொரு சிறு கணினியில் ஆடும் சீட்டுக்கு மாறியது. சீட்டின் முகத்தை நாமே வரைந்து ஏற்றலாம் என்றார்கள். நான் முன்வந்தேன். பொடிச் சின்னங்களை எடுத்துவிட்டுப் பெரிய எண், அதற்குப் பின்னணியாக முழுக்க நிறம். இஸ்பேடுக்குக் கறுப்பு, டைமனுக்கு நீலம், ஆர்ட்டினுக்குச் சிவப்பு, கிளாவருக்குப் பச்சை. "கண்ணுக்கு எவ்வளவு சுகமா இருக்கு பெரில்" என்று கெவ்வே பாராட்டினான்.

மெர்வுக்குப் பிறவியிலிருந்தே சிவப்பும் பச்சையும் ஒன்று. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ரயில் ஓட்டும் வேலைக்கான கண் பரிசோதனைப் படங்களை அவருக்கு மனப்பாடம் செய்வித்ததே நான். சிக்னலில் விளக்கு எரியும் இடத்தை வைத்தே ஓய்வுபெறும்வரை ஓட்டிவிட்டார். வரைவதற்கு முன் சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு கைக்குட்டைகளை மேசையில் போட்டுப் பார்த்தேன். ஜோடி என்று நினைத்துச் சேர்த்து மடித்தார். அந்த நிறங்களையே கணினியில் கலந்தேன்.

நிறம் தெரியவில்லை என்று அவர் வாய் திறக்கவில்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் அவர் ரயிலில் ஏறியவர்கள். புத்தி தடுமாறுகிறது என்று கெவ்தான் முதலில் சொன்னான். நான் வீட்டுச் சாவியை இரண்டொரு முறை குளிர்பெட்டியில் வைத்தேன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் டாக்டரே முடிவு செய்தார்.

இப்போது அவர் இருக்கும் விடுதியில் கதவுகள் உள்ளிருந்து திறக்காது. வியாழன்தோறும் லாமிங்டன் கேக்கும் சீட்டுக் கணினியும் கொண்டுபோகிறேன். அவர் ரகசியத்தை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

போன வாரம் கணினியைத் தள்ளி வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் புத்தி கெடல, நிறம்தான் தெரியாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு பெரில். ரயில் விஷயத்தையும் சேத்தே சொல்லிடு. நான் சொன்னா உளறல்னு சிரிக்கிறாங்க."