இனி நான் வேண்டாமாம்

தோவாளை தாண்டிய பேருந்தில், என் இருக்கைக்கு அருகே பூக்கூடைகளுக்கு நடுவே நின்ற கல்லூரி ஆசிரியை ஒருத்தி, கைபேசியைப் பார்த்துவிட்டுத் தோழியின் தோளில் ஓங்கி அடித்தாள்.

“ஏட்டி, இனி நான் வேண்டாமாம்!”

“வேலை போச்சா? அதுக்கா இந்தச் சிரி சிரிக்கே?”

“ஆப்பிரிக்காவுல மலாவிக்காரங்களுக்கு, காலராக் கிருமிக்க மரபணுவக் கம்ப்யூட்டர்ல ஆராய ரெண்டு வருசமா ஆன்லைன்ல சொல்லிக்குடுத்தேம்லா? அடுத்த பேட்ச்சுக்கு அங்க எனக்கிட்ட படிச்சவளே கிளாஸ் எடுக்கா!”

“அவளுக்கு ஒத்தையில முடியுமா?”

“முடியுமாவா? போன வாரம் நான் நடத்துன பாடத்துலயே தப்புக் கண்டுபிடிச்சா, மக்கா!”

“நீ என்ன சொன்ன?”

“‘நன்றி, டீச்சர்’னு எழுதினேன்.”

நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், பயிற்சித் திட்டங்களுக்கு நீட்டிப்புக் கேட்கும் கோப்புகள் என் மேசையில் குவிந்து கிடந்தன. திட்டம் முடிந்ததென்று துள்ளிய பயிற்சியாளரை அன்றுதான் பார்த்தேன்.