அரிசிப் பானைக்குள் இருந்த அட்டை

கேட்டதைப் பெருக்கிச் சொல்வது எளிது. ஆனால் இது பிள்ளைகளின் சோற்றைப் பற்றிய செய்தி. ஆதலால் காஜா பெராங் செல்லும் பேருந்தில் என் காதில் தெளிவாக விழுந்ததை மட்டுமே எழுதுகிறேன். மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டு அது. முன் இருக்கையில் இரு பெண்கள் அமர்ந்திருந்தனர். மூத்தவரின் மடியில், ஏழைக் குடும்பங்களுக்கு அரசு வழங்கும் அரிசி ஒரு மூட்டை இருந்தது.

"அரிசி வாங்குற கார்டை அரிசிப் பானைக்குள்ளதான் ஒளிச்சு வச்சேன். பானைதான் காலியா கிடந்துச்சே!"

இளையவர் சிரித்துவிட்டார். "எதுக்குக்கா ஒளிக்கணும்?"

"அரசாங்கப் பணம் வரல, அரிசி இல்ல, கார்டைக் கொடுத்துட்டுப் போங்கன்னாரு ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி. கொடுத்தா பேரை வெட்டிருவாங்க. அப்புறம் பணம் வந்தாலும் முதல்லேருந்து மனுப் போட்டுக் காத்துக் கிடக்கணும். கார்டை மடியில செருகிக்கிட்டு, வீட்ல மறந்து வச்சுட்டேன்னுட்டேன். வரிசையில நின்னவங்களையும் அதையே சொல்லச் சொன்னேன்."

"சொன்னாங்களா?"

"ஒருத்தர் விடாம! ரெண்டு மாசம் பிள்ளைங்களுக்கு மரவள்ளிக்கிழங்குதான். இன்னிக்குப் பணம் வந்துருச்சு, எல்லாரும் கார்டை நீட்டினோம். 'இன்னிக்கு மட்டும் ஒருத்தரும் மறக்கலையே'ன்னாரு கிராணி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பசி வந்தா மறதி ஓடிப்போயிரும் ஐயான்னேன். அவரும் சிரிச்சுக்கிட்டே அளந்து போட்டாரு, எல்லாருக்கும்!"

அவர் இறங்கும் இடம் வந்தது. மூட்டையை இறக்கித் தர நடத்துநர் கை நீட்டினார்.

"வேணாம்பா. இது கனக்கல."

மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, நிமிர்ந்து நடந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அடுத்த முறை பணம் உரிய நாளில் வருமா என்பதும் தெரியாது.