முன்சீட்டு

கார் வந்த பிறகு அதன் முன்சீட்டில் நான் உட்கார்ந்தது பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அண்ணனுக்குக் கல்யாணம். அதற்கப்புறம் எனக்குப் பின்சீட்டு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, சம்பத் சார். மனைவி முன்னால் உட்காருவதுதான் எங்கும் வழக்கம். பின்சீட்டில் காலை நீட்டிக்கொள்ள இடமும் அதிகம்.

நீங்கள் இன்ஷூரன்ஸ் சர்வேயர். நேற்று ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். கம்பெனி கொடுத்ததைத் தவிர வண்டியில் வேறு ஏதாவது பொருத்தியிருந்தீர்களா என்று. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்தப் பதிலைச் சொல்லத்தான் லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்து, சத்துவாச்சாரியில் உங்கள் ஆபீஸ் எந்த மாடி என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்குப் பேச வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வுகளில் விடை தெரிந்தும் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். நடுவில் ஒன்றும் கேட்காமல் இருந்தீர்களானால் சொல்லி முடித்துவிடுவேன்.

பொருத்தியிருந்தோம். இதுதான் அது. கையில் எடுத்துப் பார்க்கலாம். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். இந்த ஒயர் எஞ்சினில் டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் காரின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் போகும். அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று இந்த டப்பா கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் கொஞ்சம் டீசலைத் தள்ளும். வண்டி சீறிக்கொண்டு போகும். பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது பாருங்கள், சுற்றிலும் எண்கள். எண் ஏற ஏறப் பொய்யின் அளவு ஏறும்.

காரை அண்ணன் 2007 டிசம்பரில் பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கினான். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா நான் பத்தாவது படிக்கும்போது. அண்ணன்தான் ஷூ கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து என்னை பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கவைத்தான். அவனுக்குக் கார் என்றால் பைத்தியம். ஆனால் இங்கிலீஷ் தகராறு. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் பிரவுசிங் சென்டருக்குப் போவோம். கார்ப் பைத்தியங்கள் இன்டர்நெட்டில் எழுதுவதை நான் படித்துத் தமிழில் சொல்வேன். இந்த டப்பாவைப் பற்றி அவனுக்கு முதலில் சொன்னதும் நான்தான். கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்து அதை வாங்கிக்கொண்டு வந்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் வாசலில் வைத்துப் பொருத்தினோம். அவன் போனட்டுக்குள் தலையை விட்டிருந்தான். நான் பக்கத்தில் நின்று காகிதத்தைப் படித்தேன்.

"இன்னா போட்டிருக்கான் பாரு ஃபீபி."

"மொதல்ல பேட்டரி ஒயரக் கழட்டச் சொல்றான் அண்ணா."

"அவன் ஊர்ல மழ பெய்யும், சொல்லுவான். அடுத்தது சொல்லு."

நான் சிரித்தேன். அவன் என் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கித் திருகை மூன்றில் வைத்தான். அஞ்சுக்கு மேல் போகாதே, அதிகம் மிதித்தால் எஞ்சின் ஆஃப் ஆகிவிடும் என்று டப்பாவை விற்ற பெங்களூர்க்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். அந்த ஒரு மணி நேரம் எனக்கு நன்றாக இருந்தது. பிறகு அண்ணி டீ கொண்டுவந்தாள். ரெனிட்டா அண்ணி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"இன்னா, பேஷண்டுக்கு டிரிப்ஸ் ஏத்துறீங்களா?" என்றாள்.

அண்ணன் போனட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். "இவளப் பாரேன், வாயப் பாரேன்" என்று என்னிடம் காட்டினான். ஏதோ எனக்குத் தெரியாத ஒன்றை அறிமுகம் செய்கிறவன்போல.

அண்ணி கெட்டவள் இல்லை. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். என் பிறந்தநாளுக்குச் சுடிதார் எடுத்துத் தந்தாள். ஆண்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது என்று கவனித்து, விருந்தாளி வந்தால் என்னை அடுக்களைக்கு அழைத்துக் காப்பாற்றுவாள். முன்சீட்டில் உட்காரும்போது ஒவ்வொரு முறையும் திரும்பி, "கால் இடிக்குதா ஃபீபிம்மா, சீட்ட முன்னாடி இழுத்துக்கவா?" என்று கேட்பாள். இழுத்தும் கொள்வாள்.

ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய் வருவது கஷ்டம் என்று அண்ணன் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பாலாற்றங்கரை ரோட்டில், சாயங்காலங்களில். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் கியர் மாற்றத் தடுமாறும்போது அண்ணன் தன் கையை அவள் கைமேல் வைத்து மாற்றுவான். பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தால் அது நேராகத் தெரியும். நான் எனக்கும் கற்றுக்கொடு என்று ஒரு நாள் கேட்டேன். "நீ இன்னா பண்ணப்போற, கம்பெனி நடக்குற தூரம்தானே" என்றான். அதுவும் நியாயம்தான். நான் வேலை செய்யும் தோல் கம்பெனி லேப் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

அங்கே என் வேலை கழிவுநீரில் குரோமியம் எவ்வளவு என்று பார்ப்பது. கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஒரு குறிப்பிட்ட சொட்டில் நிறம் மாறிவிடும். மற்றவர்கள் மாறிய பிறகு நிறுத்துவார்கள். எனக்கு அந்தச் சொட்டு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அண்ணி தனியாக வேலூருக்கு ஓட்டிப் போகத் தொடங்கியதும் காரில் எனக்கென்று ஒரே வேலை மிஞ்சியது. சனிக்கிழமை தோறும் போனட்டைத் திறந்து தண்ணீரும் ஆயிலும் பார்ப்பது. அப்படி ஒரு சனிக்கிழமை திருகை மூன்றிலிருந்து ஆறுக்கு மாற்றினேன்.

என் கணக்கு எளிமையானது. அண்ணன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் மெதுவாக ஓட்டுகிறவன். அவன் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. அண்ணி ஏழு மணி டூட்டிக்கு ஓடுகிறவள். லாரியைத் தாண்டும்போது முழுதாக மிதிப்பாள். அப்போது அழுத்தம் எல்லை தாண்டும். கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்றச் சக்தியைப் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் விளக்கு எரியும். வண்டி ஊரும். இரண்டு முறை இப்படி நடந்தால் பயந்துவிடுவாள், பஸ்ஸுக்கே திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். கார் வார நாட்களில் வாசலில் நிற்கும். ஏதோ கோளாறு என்று அண்ணன் போனட்டைத் திறப்பான். இன்னா போட்டிருக்கான் பாரு என்று என்னைக் கூப்பிடுவான். நான் விரும்பியது அவ்வளவுதான்.

அந்த வாரமே நடந்தது. மாதனூர் தாண்டி. அவள் வீட்டில்கூட அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னாள். எங்கள் சபையில் ஆண்டவர் செய்த நன்மையை இப்படி எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வது வழக்கம்.

"லாரியத் தாண்டப் போறேன், வண்டி அப்பிடியே செத்துப்போச்சு. மஞ்ச லைட்டு எரியுது. ஓரம் கட்டினேன். சாவிய ஆஃப் பண்ணிட்டு ஸ்டியரிங் மேல கைய வச்சி ஜெபம் பண்ணேன். ஆண்டவரே, வார்டுல என் பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்கன்னு சொன்னேன். திரும்ப ஸ்டார்ட் பண்றேன், லைட்டக் காணோம். வண்டி பறக்குது."

"ஸ்தோத்திரம்" என்றார்கள் எல்லாரும். பாஸ்டர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாவியை ஆஃப் செய்து திரும்பப் போட்டால் கம்ப்யூட்டர் பழைய கோளாறை மறந்துவிடும், சார். யார் போட்டாலும் மறக்கும். அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் ஒருவர் சாட்சியை இன்னொருவர் எழுந்து திருத்தும் வழக்கம் எங்களிடம் இல்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. நானும் ஸ்தோத்திரம் என்றேன்.

நான் பயத்தைக் கணக்கில் எடுத்திருந்தேன். ஜெபத்தை எடுக்கவில்லை. அவளுக்குப் பயம் வருவதற்குப் பதிலாகத் தைரியம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை விளக்கு எரிந்தது. ஒவ்வொரு முறையும் நிறுத்தினாள், ஜெபித்தாள், ஓட்டினாள். ராத்திரி சாப்பாட்டின்போது அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனும், "டப்பா போட்டா அந்த லைட்டு எப்பவாச்சும் வருமாம். நம்ம ஃபீபிதான் சனிக்கிழம சனிக்கிழம பாக்குறாளே, ஏதாச்சும்னா சொல்லுவா" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை, அவனே சொல்லிக்கொண்டான். நான் அவனுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினேன். அடுத்த வாரம் அவர்கள் ஏற்காடு போவதாக முடிவானது. இருவர் மட்டும். அவள்தான் ஓட்டப்போகிறாள் என்று அண்ணன் பெருமையாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை திருகை எட்டில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறது. பள்ளிகொண்டாவுக்கு முன்னால் பாலம் கட்டுகிறார்கள் என்று இரண்டு பக்க வண்டிகளையும் ஒரே பக்கத்தில் விட்டிருந்தார்கள். பதப்படுத்தாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்திருக்கிறது. அண்ணி அதைத் தாண்ட வலப்பக்கம் ஏறியிருக்கிறாள். பாதித் தூரத்தில் கார் நின்றுபோனதுபோல ஆகிவிட்டது என்று லாரி டிரைவர் சொல்லியிருக்கிறார். எதிரில் பஸ். டிரைவர் பக்கக் கதவில் மோதியதால் முன்பக்கம் அதிகம் சேதமில்லை. போனட் திறந்தது.

ஸ்டேஷன் பின்னால் நிறுத்தியிருந்த காரில் அண்ணியின் பைபிள் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கான்ஸ்டபிள் "எடுத்துக்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொய் இல்லை, பைபிள் இருந்தது, அதையும் எடுத்தேன். டப்பாவைக் கழற்றிப் பழைய பிளக்கைச் சேர்த்துவிட்டேன். எஞ்சின் முழுக்க மண் படிந்திருக்க, அந்த ஒரு பிளக் மட்டும் சுத்தமாக இருந்ததை நீங்கள் கவனித்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். சரிதானே.

இப்போது ஏன் சொல்ல வந்தேன் என்று நினைப்பீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அண்ணன் தூங்குவதில்லை. தான் மாட்டிய டப்பாதான் அவளைக் கொன்றது என்று நம்புகிறான். நேற்று நீங்கள் போன பிறகு கூடத்தில் அவளுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான்தான் அவளக் கொன்னுட்டேன் ஃபீபி."

"இல்ல அண்ணா. நீ இல்ல."

"இது எனக்கும் அவளுக்கும் நடுவுல இருக்குற விஷயம். உனக்குப் புரியாது. போய்ப் படு."

இறந்த பிறகும் இருவருக்கும் நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. அதிலும் எனக்கு இடம் இல்லை. அந்தக் குற்றம் அவனுடையது அல்ல, என்னுடையது. அதை அவள் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னால் முடியாது. இன்று சாயங்காலம் நீங்கள் அவனிடம் சொல்வீர்கள். அப்போது அவன் என்னை நினைப்பான். இனி தினமும் நினைப்பான்.

ஆனாலும் அண்ணி சாகவேண்டும் என்று நான் நினைத்ததில்லை. பயப்படவேண்டும் என்றுதான் நினைத்தேன். எட்டில் வைத்தபோதும் அப்படித்தான். வீட்டிலோ, சபையிலோ, ஸ்டேஷனிலோ என்னை நேராக யாராவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். நான் பொய் பேசுகிறவள் இல்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இல்லை. அது சரியில்லை. எழுதியிருந்தால் அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, அந்த லாரியை எட்டுவதற்கு முன்பே, மாதனூரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அண்ணி என் செல்லுக்கு அழைத்தாள். நான் லேபுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். ஆறு மணி ஷிஃப்ட் என்பதால் அங்கே வேறு யாரும் இல்லை. இதைப் போலீஸிடமும் அண்ணனிடமும் நான் சொல்லவில்லை.

"ஃபீபிம்மா, இன்னிக்கு ரெண்டு தடவ செத்துடுச்சுடா. எனக்கு என்னமோ மனசு சரியில்ல. ஜெபம் பண்ணேன், ஆனா உன்னையும் ஒரு வார்த்த கேக்கலாம்னு தோணுச்சு. நீ படிச்சவ, உங்க அண்ணனவிட உனக்குத்தான் இந்த வண்டி தெரியும். ஓட்டலாமா, இல்ல இங்கயே பூட்டிப் போட்டுட்டு பஸ் ஏறிடவா? பின்னாடி வேலூர் பஸ் வருது."

அவள் நேராகத்தான் கேட்டாள்.

"பஸ்ஸெல்லாம் வேணாம் அண்ணி, ஒண்ணும் ஆவாது. மெதுவாப் போனாத்தான் அடைச்சிக்கும். முன்னாடி லாரி வந்துச்சின்னா யோசிக்காம முழுசா மிதிங்க" என்று நான் சொன்னேன்.