பச்சை மோரிஸ் வண்டி யாருடையது என்பது குறித்து

என் பெயர் வஹீடா பிந்தி ஸக்கரியா. வயது இருபத்தொன்பது. தைப்பிங், தாமான் மெலூர், இரண்டாம் வரிசையின் மூலை வீட்டில் கணவர் ருஸைமியுடனும் இன்னும் ஒரு வயது நிறையாத மகள் இர்ஃபாவுடனும் வசிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தேன். குழந்தை பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. இன்ஸ்பெக்டர் தியோ கேட்டுக்கொண்டபடி இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. மகள் பக்கத்து நாற்காலியில் தூங்குகிறாள். நடுவில் விழித்துக்கொண்டால் அவளை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவேன். எழுத்து கோணினால் அதற்கு அதுவே காரணம், வேறு சந்தேகம் வேண்டாம்.

எங்கள் வீட்டின் முன்கூரைக்குக் கீழே எப்போதும் ஏதாவது ஒரு பழைய வண்டி பிரிந்து கிடக்கும். இது என் கணவரும் அவருடைய மூத்த சகோதரியும் சேர்ந்து செய்யும் பொழுதுபோக்கு. அந்தச் சகோதரியை எல்லோரும் காக் லோங் என்றே கூப்பிடுவோம். வீடுகளுக்கு இரும்புக் கேட் செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். திருமணமாகி வந்த நானும் இதில் சேர்ந்துகொண்டேன். இந்த வழக்கில் உள்ள மோரிஸ் மைனரை ஒரு செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்தோம். அப்போது அதன் பின் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வண்டியின் சேசிஸ் எண் பொறித்திருந்த தகடு துருவில் உதிர்ந்து போயிருந்ததால் முறைப்படி வண்டியைச் சோதனைக்குக் காட்டி, அனுமதி பெற்றுப் புதிதாகப் பொறித்தோம். அந்தப் புதுப் பொறிப்புதான் பிற்பாடு எங்களுக்கு வினையாக வந்தது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். இன்ஜின் கணவருக்கு, தரைத் தகடும் கதவுகளும் காக் லோங்குக்கு, வயரிங் முழுவதும் எனக்கு. ஒருவர் தொடங்கிய வேலையில் அடுத்தவர் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முன்பொரு முறை இரண்டு பேர் மாறி மாறி ஒரே கார்புரேட்டரைப் பூட்டியதில் ஒரு திருகு உள்ளேயே தங்கிவிட்டது. அன்று போட்ட சட்டம் அது. மின்சாரம் என்றால் எனக்குப் பயம், தீ என்றால் அதைவிடப் பயம். ஆகவே ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, மறுநாள் மீண்டும் இழுத்துப் பார்த்தேன். மகள் அதே கூரைச் சட்டத்தில் ஸ்பிரிங் போட்டுக் கட்டிய துணித்தொட்டிலில் ஆடிக்கொண்டிருப்பாள். தொட்டிலுக்கு அடுத்த கொக்கியில் இன்ஜின் தொங்கும். அடுத்த வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது உண்மை.

நோன்புப் பெருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பூங்காவில் பழைய வண்டிக்காரர்கள் கூடினார்கள். வண்டி முதன்முதலாக வெளியே போனது அன்றுதான். அங்கே காமருல்ஸமான் என்பவர் எங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஈப்போவில் கல்யாணங்களுக்குப் பழைய வண்டிகளை வாடகைக்கு விடுபவர் அவர். கதவைத் திறந்து பார்த்தார், நிறையப் படம் எடுத்தார், யார் செய்தது என்று கேட்டார். நாங்கள்தான் என்று காக் லோங் சொன்னதற்குச் சிரித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்த வாரத்திலேயே காவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். காமருல்ஸமானிடம் அதே வருடத்து, அதே பச்சை நிற மோரிஸ் ஒன்று இருந்தது என்றும், அது பெருநாளுக்கு முன்பு திருட்டுப் போனது என்றும், எங்களிடம் இருந்தது வெறும் துருப்பிடித்த கூடுதான் என்றும், அந்தக் கூட்டுக்கு வாங்கிய அனுமதியை வைத்து அவருடைய வண்டியில் எங்கள் எண்ணைப் பொறித்துவிட்டோம் என்றும் புகார். வண்டியை இழுத்துப் போனார்கள். நேற்று என் கணவரையும் காவலில் வைத்தார்கள். அவர் அரசுப் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். திருட்டுப் பொருள் வைத்திருந்ததாக வழக்குப் பதிவானால் அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். இன்று மதியத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள்.

இன்று காலை காக் லோங்குடன் காவல் நிலையத்துக்குப் போய், காமருல்ஸமானும் இருக்க, என்னிடம் இருந்த படங்களை இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். எல்லாம் துண்டு துண்டாக இருந்தன: ஒரு கதவு, ஒரு சக்கரம், மேசையில் பரப்பிய வயர்கள். மோரிஸ் கதவு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், அது எந்த வண்டியின் கதவு என்று எப்படிச் சொல்வது என்று காமருல்ஸமான் கேட்டார். வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் அவர் பார்க்காமலேயே சொன்னார். முன்பலகைக்குக் கீழே உள்ள சின்ன மின்விசிறியைக்கூடச் சொன்னார். மணப்பெண்ணின் ஒப்பனை வியர்வையில் கலையாமல் இருக்க அவருடைய ஆள் பொருத்தியதாம், எத்தனையோ மணப்பெண்கள் அதில் காற்று வாங்கினார்களாம். வாக்குமூலம் எழுதும் சார்ஜன்ட் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு காமருல்ஸமான் என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் சொன்னது:

“துவான், நீங்களே சொல்லுங்க. இடுப்புல புள்ளைய வச்சுக்கிட்டுச் செய்யற வேலையா இது? இவங்களால தையல் மிஷினுக்கு நூல் கோக்க முடிஞ்சாலே பெரிசு.”

காக் லோங் அவரிடம், உன் வண்டிக்கு நான் கேட் போட்டுத் தரட்டுமா, இனிமேலாவது திருட்டுப் போகாமல் இருக்கும் என்று சொன்னார். சண்டை வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் இருவரையும் அடக்கினார்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர், எனக்கு வண்டி தெரியாது, ஆனால் பழைய வண்டி முரண்டு பிடிக்கும், சொந்தக்காரன் கைக்குத்தான் கிளம்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இரண்டு தரப்பும் கிளப்பிக் காட்டட்டும் என்றார். நிலையத்தின் பின்முற்றத்துக்குப் போனோம். இழுத்து வந்த அன்றே, தீப்பிடிக்காமல் இருக்க, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருந்தார்கள். புகார் கொடுத்தவர் முதலில், ஒரு தரப்பு செய்யும்போது மறுதரப்பு வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவானது.

காமருல்ஸமான் பேட்டரியைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தார். கைகள் பழகிய கைகள், அதை மறுக்கவில்லை. பாடியிலிருந்து வரும் வயரை எடுத்து பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்டினார். கவ்வி சிறியதாக இருந்ததால் இறங்கவில்லை. திருப்புளியை விட்டு நெம்பி அகட்டி, தட்டி இறக்கினார். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் மைனஸ்தான் பாடியோடு சேரும். பழைய மோரிஸில் நேரெதிர், பிளஸ் பாடியோடு சேரும். பழைய வண்டி தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது பாடம். ஆனால் எங்கள் வண்டியில் அப்படி இல்லை. மகளுக்கு வேர்க்குரு வந்து கழுத்தெல்லாம் சிவந்திருந்தபோது, லாரிக்காரர்கள் வாங்கும் இரும்பு விசிறி ஒன்றை வாங்கி வந்தேன். அதற்கு ஒரே வயர், அது பிளஸ். மைனஸுக்கு அதன் இரும்புக் கூட்டையே வண்டியில் திருகிவிட வேண்டும். அந்த ஒரு விசிறிக்காக வண்டி முழுவதையும் மைனஸ் பாடிக்கு வருமாறு திருப்பினேன், டைனமோவையும் அதற்கேற்ப மாற்றினேன், பாடி வயருக்கு மைனஸ் முனையின் அளவுக்குச் சிறிய கவ்வியையும் போட்டேன். மோரிஸ்காரன் எவனாவது பார்த்தால் காறித் துப்புவான் என்று கணவர் சொன்னார். துப்பட்டும், பிள்ளைக்குக் காற்று வரட்டும் என்றேன். வயரிங் என் வேலை என்பதால் அதற்கு மேல் அவர் பேசவில்லை.

ஆகவே காமருல்ஸமான் பிளஸை பாடிக்கு மாட்டியதும் அவருக்கு இந்த வண்டியைத் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரியும்? உத்தரவுப்படி வாயை மூடிக்கொண்டு நின்றேன். வண்டி கிளம்பாது என்றும் நம்பியிருக்க முடியாது, பேட்டரி திரும்பியிருந்தாலும் இந்த இன்ஜின் கிளம்பும். சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டரை ஒரே இழுப்பு இழுத்தார். கிளம்பிவிட்டது. என் கணவர் கைக்குக்கூட ஒரே இழுப்பில் கிளம்பியதில்லை. சார்ஜன்ட் தலையாட்டினார். காக் லோங் என் தோளைப் பிடித்துக்கொண்டார், அந்தப் பிடியின் தடம் இன்னும் வலிக்கிறது.

அதன் பிறகு காமருல்ஸமான் எங்களைப் பார்த்துக்கொண்டே காலை ஆக்ஸிலேட்டரில் வைத்தார். மெதுவாக ஓடும்வரை தொல்லை இல்லை. வேகம் ஏறினால் டைனமோவும் பேட்டரியும் ஒன்றோடொன்று மோதி வயர்கள் வெந்துபோகும். நான் பேசாமல் இருந்திருந்தால் புகையே எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் அந்த வயர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தவள் நான். உத்தரவை மீறினேன்.

“ரேஸ் பண்ணாதீங்க. வயரிங் வெந்துடும்.”

“பாத்தீங்களா துவான், ஓடுற வண்டியப் பாத்ததும் வயிறு எரியுது,” என்றார் அவர். ஆனால் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தியதால் காலை எடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கண்டித்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி கேட்டேன். குழந்தையைக் காக் லோங்கிடம் கொடுத்தேன். அதன் பிறகு, இந்த வண்டியில் பேட்டரியை எப்போதும் இப்படித்தான் மாட்டுவீர்களா என்று காமருல்ஸமானிடம் கேட்டேன்.

“மோரிஸுக்கு வேற எப்படி மாட்டுவாங்க? பிளஸ் பாடிக்கு. வாங்கின நாள்லேருந்து இப்படித்தான். இதுகூடத் தெரியாமலா வண்டி கட்டினீங்க?”

இதை எழுதிக்கொள்ளும்படி சார்ஜன்டைக் கேட்டேன், எழுதிக்கொண்டார். அதன் பிறகு மணப்பெண்களுக்கான விசிறியைப் போடச் சொன்னேன். போட்டார். விசிறி நன்றாகவே சுற்றியது. அவர் சிரித்தார். குழந்தையின் பையிலிருந்து ஒரு மெல்லிய துடைப்புத்தாளை எடுத்து, அதை விசிறிக்கு முன்னால் பிடிக்கும்படி சார்ஜன்டிடம் கொடுத்தேன். தாள் பறக்கவில்லை. விசிறியின் கம்பிக்கூட்டில் போய் ஒட்டிக்கொண்டது. சார்ஜன்ட் பிய்த்தெடுத்து மறுபடி பிடித்தார். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் குனிந்து முகத்தை அருகே வைத்துப் பார்த்துவிட்டு, “என்ன இது, காத்து வரல, உள்ள இழுக்குது?” என்றார்.

பேட்டரி திரும்பினால் விசிறி பின்பக்கமாகச் சுற்றும், எப்போதும் இப்படித்தான் மாட்டியிருந்தால் எந்த மணப்பெண்ணுக்கும் காற்று வந்திருக்காது என்று சொன்னேன். திருடர்கள் விசிறியின் வயரை மாற்றியிருப்பார்கள் என்று காமருல்ஸமான் சொன்னார். மாற்றுவதற்கு இரண்டாவது வயர் வேண்டுமே, காட்டுங்கள் என்றேன். அவர் குனிந்து முன்பலகைக்குக் கீழே தேடினார். அங்கே ஒரு வயர்தான் இருந்தது. இன்னொன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவர் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

காக் லோங் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, “பாவம், அத்தனை மணப்பொண்ணுங்களோட பவுடரையும் இந்த விசிறியே தின்னுருச்சு போல,” என்றார். சார்ஜன்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு என் முறை. வண்டியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, மைனஸை பாடிக்கு மாட்டினேன். அவர் அகட்டிய கவ்வியைக் காக் லோங்தான், குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையாலேயே நெரித்து இறுக்கினார். முதல் இழுப்பில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் கிளம்பியது. விசிறியைப் போட்டேன். சார்ஜன்ட் பிடித்திருந்த தாள் பறந்துபோய் காமருல்ஸமானின் சட்டையில் விழுந்தது. அதன் பிறகு நானே ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், முற்றத்தின் தகரக் கூரை அதிரும் வரை மிதித்தேன். ஒரு வயரும் சூடேறவில்லை. இது விசாரணைக்குத் தேவைப்பட்டதா என்றால், இல்லை. மிதிக்க வேண்டும்போல இருந்தது, மிதித்தேன்.

இன்ஸ்பெக்டர் காமருல்ஸமானை உள்ளே அழைத்துப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது, ஆகவே எழுதவில்லை. வெளியே வந்தபோது அவர் புகாரைத் திரும்பப் பெற்றிருந்தார். அவர் மீது பொய்ப் புகார் விசாரணை தொடங்கியிருப்பதாக இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார். போகும்போது காமருல்ஸமான் என்னருகே நின்று, வயரிங் யார் செய்தது, உண்மையைச் சொல்லுங்கள் என்று மெதுவாகக் கேட்டார். நான்தான் என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு என் கணவரை விட்டார்கள். இடுப்புவார் இல்லாமல், கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்பதற்குள், வீட்டில் கூப்பிடும் பெயரால் என்னைக் கூப்பிட்டு அவர் கேட்டது:

“இடா, அவன் ரேஸ் பண்ணிட்டானா?”

“விடல.”

அதற்குப் பிறகுதான் குழந்தையை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டார்.

என்னிடம் மேலும் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். ஒன்று உண்டு. என் தரப்பைக் கேட்பதற்கு முன்பே எழுதப்பட்ட தாளில், வண்டியைச் செய்தவர் என்ற இடத்தில் கணவரின் பெயர் மட்டும் உள்ளது. காக் லோங்கின் முழுப் பெயர் ஸூரைடா பிந்தி மன்சூர், பற்றவைப்பு வேலை முழுவதும் அவருடையது. வயரிங் என்னுடையது. மூன்று பெயரும் எழுதப்பட வேண்டும். இன்ஸ்பெக்டர் என் முன்னாலேயே எழுதி, பக்கத்தில் முத்திரை வைத்தார்.

நான் கண்டதையும் செய்ததையும் மட்டுமே மேலே எழுதியிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சார்ஜன்ட் உரக்கப் படித்துக் காட்ட, என் கணவரும் நாத்தனாரும் கூட நின்று கேட்க, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். வண்டியின் சாவியைப் பெற்றுக்கொண்டேன். வீடுவரை நான் ஓட்டுகிறேன்.

(ஒப்பம்)
வஹீடா பிந்தி ஸக்கரியா